கணக்கு டீச்சர் பதில்கள்: எங்கள் நைனாவின் நோட்டும் உங்கள் ஆப்பும்

போன இதழில் ஒரு வாசகர், "டேட்டிங் ஆப்பில் யாரை யாருக்குக் காட்டுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?" என்று கேட்டிருந்தார். "தரகர்தான், கம்ப்யூட்டர் வேஷம் கட்டியிருக்கிறார்" என்று ஒரே வரியில் பதில் போட்டேன். நான் தரகர் மகள், அதனால் வாய் தானாக வந்துவிட்டது. அதற்கு ஒரு கட்டு கடிதமும் வாட்ஸ்அப்பும் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒருவர்கூடப் பெயர் போடச் சொல்லவில்லை. ஊரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டீச்சர், ஆறு மாதமாக ஒரு ஆப்பில் இருக்கிறேன். முதல் வாரம் தாடியும் பைக்குமாக நின்ற நாலு பேரைப் பிடித்திருக்கிறது என்று வலப்பக்கம் தள்ளினேன். அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் தாடி, பைக். என் மனசு அதற்கு எப்படித் தெரிந்தது?
ஒரு நர்ஸ், பாகாயம்

உன் மனசெல்லாம் அதற்குத் தெரியாது கண்ணு. உன் விரலைத் தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் நைனா, அதாவது அப்பா, வேலூர் கொசப்பேட்டையில் கல்யாணத் தரகராக இருந்தவர். சைக்கிளில் மஞ்சள் பையை மாட்டிக்கொண்டு ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா என்று சுற்றுவார். அவர் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்பதால், எட்டாவது படிக்கும்போதிலிருந்து நோட்டு எழுதுவது என் வேலை. இடது பக்கம் வரன் விவரம்: நட்சத்திரம், உயரம், படிப்பு, எத்தனை பவுன் போடுவார்கள். வலது பக்கத்தைக் காலியாக விடச் சொல்வார். அங்கே அவர் மட்டும்தான் பென்சிலால் குறி போடுவார். யார் வீட்டில் காட்டினார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு. வேண்டாம் என்றால் கோடு. "யோசிச்சுச் சொல்றோம்" என்றால் புள்ளி. பெண் பார்க்க வரச்சொன்னால் வட்டம்.

வாலாஜாவில் ஒரு அரிசி மண்டிக்காரர் வீடு. பெண்ணுக்கு அரசு வேலை மாப்பிள்ளைதான் வேண்டும் என்று காபி கொடுத்து, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்கள். அதையும் நான் இடது பக்கத்தில் அழகாக எழுதினேன். நைனா அடுத்தடுத்து மூன்று அரசு வேலைக்காரர்களைக் காட்டினார். மூன்றும் கோடு. நடுவில் பேச்சுக்குக் காட்டிய கடைக்காரர்கள் இரண்டு பேருக்கும் புள்ளி. நைனா அன்று ராத்திரி வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் ராணிப்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பையனின் போட்டோவை எடுத்துக்கொண்டு போனார். வட்டம். வாய் சொன்னது இடது பக்கத்தில் இருந்தது, வலது பக்கத்தில் இருந்ததுதான் நடந்தது.

ஆப் செய்வது இந்த வலது பக்க வேலையைத்தான். யார் படத்தில் நீ எத்தனை நொடி நின்றாய், யாரை வலப்பக்கம் தள்ளினாய், யாருக்குப் பதில் போட்டாய் என்பதெல்லாம் அதற்கு வட்டமும் புள்ளியும் கோடும். அடுத்த படி இன்னும் சுவாரசியமானது. குடியாத்தத்தில் ஒரு வீட்டின் குறிகள் இந்த வாலாஜா வீட்டின் குறிகள் மாதிரியே விழுந்தால், வாலாஜா வட்டம் போட்ட மாதிரி ஆளை நைனா குடியாத்தத்துக்கும் கொண்டுபோவார். ஏன் பிடிக்கிறது என்று ஆராய மாட்டார். கம்ப்யூட்டர்காரர்கள் இதற்குக் கொலாபரேட்டிவ் ஃபில்டரிங் என்று பேர் வைத்திருக்கிறார்கள். "இந்தப் புடவை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்" என்று காட்டுகிற அதே கணக்கு. ஆனால் புடவை உன்னை வேண்டாம் என்று சொல்லாது, மாப்பிள்ளை சொல்வான். அதனால் இங்கே இரண்டு பக்கமும் வட்டம் விழுமா என்று பார்த்தாக வேண்டும். நீ அவனை வலப்பக்கம் தள்ளுவாய், அவனும் உன்னை அப்படியே தள்ளுவான் என்று தோன்றுகிற இடத்தில்தான் படத்தை வைக்கும்.

தாடி அலுத்துவிட்டதென்றால் பத்து நாள் தாடிகளை இடப்பக்கம் தள்ளு. வேறு மாதிரி ஆட்களை நின்று படி. நோட்டு மாறும்.

ஆப் சாதி கேட்பதில்லை, நானும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு வருகிற பெண்களில் பெரும்பாலோர் எங்கள் ஆட்களாகவே இருக்கிறார்கள். திருட்டுத்தனமா?
ஒரு தோல் கம்பெனி சூப்பர்வைசர், ஆம்பூர்

நைனாவின் நோட்டில் சாதி என்று ஒரு கட்டமே கிடையாது தம்பி. நான் ரொம்ப நாள் அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன், பையில் ஐந்து நோட்டு இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் அட்டை.

ஆப்பில் அட்டைகூட வேண்டாம். ஊர், படித்த பள்ளி, அப்பா பெயர் ஒலிக்கிற விதம், படத்தில் நெற்றி என்று பார்த்துப் பார்த்து ஆயிரம் பேர் தள்ளுகிறார்கள். அந்த ஆயிரம் விரலும் ஒரே மாதிரி போனால் கம்ப்யூட்டருக்குச் சாதி என்ற சொல் தெரியாமலே சாதி படிந்துவிடும். கட்டத்தை எடுத்தால் போதாது என்பது இதனால்தான். 2020இல் ஷாதி டாட் காம் என்ற கல்யாணத் தளம், தோல் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தை எதிர்ப்புக்குப் பிறகு எடுத்தது. நல்ல காரியம். ஆனால் படம் அங்கேயேதான் இருக்கிறது, பார்க்கிற கண்ணும் அதே கண்தான். திருட்டு என்று கேட்டீர்கள். எல்லாரும் சேர்ந்து சுட்ட வடைக்கு யாரைத் திருடன் என்பது?

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், ஆப்பில் பார்த்த பெண்ணோடு 92 சதவீதம் பொருத்தம் என்கிறான். எங்கள் ஜோசியர் பத்துக்கு ஆறுதான் என்கிறார். டீச்சர், நீங்கள் கணக்கு தெரிந்தவர். எதை நம்புவது?
ஒரு அம்மா, குடியாத்தம்

அம்மா, முதலில் அந்த 92 எப்படி வருகிறது என்று பார்ப்போம். சதவீதம் காட்டுவதைப் பிரபலமாக்கியது ஓகேக்யூபிட் என்ற டேட்டிங் தளம். 2004இல், ஹார்வர்டில் கணக்கு படித்த நாலு பேர் தொடங்கியது. அவர்கள் ஒரு காலத்தில் விளக்கிச் சொன்ன முறை இது. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விஷயம் கேட்பார்கள்: உன் பதில் என்ன, எதிராளி என்ன பதில் சொன்னால் உனக்குச் சம்மதம், இந்தக் கேள்வி உனக்கு எவ்வளவு முக்கியம். கொஞ்சம் முக்கியம் என்றால் 1 மார்க், ஓரளவு என்றால் 10, ரொம்ப என்றால் 50, இது இல்லாமல் முடியவே முடியாது என்றால் 250.

இரண்டே கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கப்புறம் பெண் வேலைக்குப் போகலாமா? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிரியாணி வேண்டுமா? பெண்ணுக்கு வேலை ரொம்ப முக்கியம், 50. பிரியாணி 1. பையன் வேலைக்குச் சரியான பதில் சொல்லிவிட்டான், பிரியாணியில் தவறிவிட்டான். அவள் கணக்கில் அவனுக்கு 51க்கு 50, அதாவது 98 சதவீதம். பையனுக்கோ பிரியாணி 10, வேலை 1. அவள் வேலையில் சரி, பிரியாணியில் தப்பு. அவன் கணக்கில் அவளுக்கு 11க்கு 1, அதாவது 9 சதவீதம். நாம் என்ன செய்வோம்? கூட்டி இரண்டால் வகுப்போம். 53 சொச்சம் வரும், பரவாயில்லை என்போம். அவர்கள் அப்படிச் செய்வதில்லை. 98ஐயும் 9ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிறார்கள். கிட்டத்தட்ட 30தான் வரும். பள்ளிக்கூடத்தில் பெருக்குச் சராசரி என்று நடத்துவோமே, அது. ஒருத்தருக்கு உயிர், இன்னொருத்தருக்கு வேண்டா வெறுப்பு என்றால் மொத்தத்தையும் அந்த வெறுப்பு கீழே இழுத்துவிடும். எனக்கு இது பிடித்த கணக்கு. எத்தனையோ வீட்டில் கூட்டிச் சராசரி பார்த்துத்தான் முடிச்சு போட்டார்கள்.

உங்கள் ஜோசியர் செய்வதும் ரொம்ப தூரமில்லை. தினம், கணம், யோனி, ராசி என்று பத்தும் பார்த்து ஆறு சொல்கிறார். ஆனால் ஒன்பது வந்தாலும் ரஜ்ஜு தட்டினால் பேச்சை முடித்துவிடுவார்கள் இல்லையா? ரஜ்ஜுவுக்கு 250 மார்க். அவ்வளவுதான்.

நம்புவதா என்றால், இரண்டு விஷயம் சொல்கிறேன். 2014இல் ஓகேக்யூபிட்காரர்களே ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். 30 சதவீதம் பொருத்தம் உள்ளவர்களிடம் வேண்டுமென்றே 90 என்று காட்டிப் பார்த்திருக்கிறார்கள். 30 என்று தெரிந்தவர்களைவிட அந்த ஜோடிகள் அதிகமாகப் பேசிக்கொண்டார்களாம். நம்பரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. "பத்துக்கு ஒன்பது, இந்த மாதிரி ஜாதகம் கிடைக்காது" என்று நைனா படியேறும்போதே சொல்லிக்கொண்டு போவார். நான் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த வீட்டில் பெண்ணுக்கு மூக்கு சரியில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, 2017இல் ஜோயல், ஈஸ்ட்விக், ஃபிங்கல் என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்தது. முன்பின் தெரியாத ஆணையும் பெண்ணையும் சில நிமிடம் பேசவிடுகிற சந்திப்புகள். அதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் நூறுக்கு மேல் குணமும் விருப்பமும் கேட்டு வாங்கி கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டார்கள். யார் பொதுவாக எல்லாரையும் விரும்புவார், யாரைப் பொதுவாக எல்லாருக்கும் பிடிக்கும் என்பதைக் கம்ப்யூட்டர் ஓரளவு சொன்னது. இந்தப் பையனுக்கு குறிப்பாக இந்தப் பெண்ணைப் பிடிக்குமா என்று கேட்டால் கையை விரித்துவிட்டது. நாம் பொருத்தம் என்று சொல்வதே அந்தக் கடைசிக் கேள்வியைத்தானே அம்மா. பெண்ணை ஒருநாள் குடியாத்தத்துக்குச் சாப்பிட வரச்சொல்லுங்கள். பிரியாணி செய்யாதீர்கள், அது தனி விவகாரம்.

நான் சேண்பாக்கம். ஆப்பில் 40 கிலோமீட்டர் என்று வைத்தால் பாதிப் பேர் தெலுங்கில் பேசுகிறார்கள். ஏன்?
ஒரு பொறியாளர்

காம்பஸை வேலூரில் ஊன்றி 40க்கு வட்டம் போட்டுப் பாருங்கள். ஆற்காடும் குடியாத்தமும் விழுகிற மாதிரியே சித்தூரும் உள்ளே விழும். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் லாரிக்காரருக்குத்தான், ஆப்புக்குக் கிடையாது. யோசித்தால் ஆப் சொல்வது பழைய கணக்கு. 1911 வரைக்கும் சித்தூர் நம் வட ஆற்காடு ஜில்லாதான், தலைமையிடமே அதுதான்.

மேட்ரிமோனி தளங்களில் இதற்கு நேர் எதிரான தொல்லை உண்டு. அங்கே மாவட்டம் குறிக்கச் சொல்வார்கள். 2019இல் நம் மாவட்டத்தை மூன்றாக்கிவிட்டார்கள். வேலூர் என்று மட்டும் குறித்துவிட்டு, ஆம்பூர் அத்தை மகன் ஏன் வரவில்லை என்று தேடினால் அவர் திருப்பத்தூரில் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு வாரத்துக்கு ஒரு லைக்கூட வருவதில்லை. என்னை யாருக்கும் காட்டுவதே இல்லையோ என்று சந்தேகம். மார்க் போட்டு ஒதுக்குகிறார்களா?
ஒரு தம்பி, ராணிப்பேட்டை

மார்க் போட்டார்கள். டிண்டர் என்ற டேட்டிங் ஆப் 2012இல் வந்தது. சில வருஷம் ஈலோ என்ற கணக்கை வைத்திருந்தது. அர்பாத் ஈலோ ஒரு பௌதிகப் பேராசிரியர், செஸ் ஆட்டக்காரர்களுக்கு ரேட்டிங் போட வழி கண்டுபிடித்தவர். தன்னைவிடப் பெரிய ஆளை ஜெயித்தால் புள்ளி நிறைய ஏறும், சின்ன ஆளை ஜெயித்தால் கொஞ்சம்தான். இதை அப்படியே ஆப்பில் வைத்தால், நிறைய பேர் விரும்புகிற ஒருத்தி உன்னை விரும்பினால் உன் புள்ளி எகிறும். எல்லாரையும் வலப்பக்கம் தள்ளுகிற ஒருத்தி உன்னையும் அப்படித் தள்ளினால் பெரிதாக ஒன்றுமில்லை. பிறகு அதே ரேட்டிங்காரர்களையே ஒருவருக்கொருவர் காட்டும். 2019இல் டிண்டர், ஈலோ பழங்கதை, இப்போது அது இல்லை என்று அறிவித்தது. ஆப்பை அடிக்கடி திறக்கிறவர்களை, அதுவும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்களை முன்னால் காட்டுகிறோம் என்றும் சொன்னது. நீ ஷிப்டு முடிந்து ராத்திரி இரண்டு மணிக்குத் திறக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். அந்நேரம் யார்பா விழித்திருப்பார்கள்? சாயங்காலம் பார்.

நம் நாட்டு ஆப்களில் ஆண்கள் கூட்டம், பெண்கள் சொற்பம் என்பதையும் மறக்காதே. கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தி மாதிரி. இலையில் ஒன்றும் விழவில்லை என்றால் குறை உன் இலையில் இருக்க வேண்டியதில்லை. இன்னொரு செய்தி. அமெரிக்காவில் நாலு நகரங்களின் டேட்டிங் செய்திப் போக்குவரத்தை ப்ரூச், நியூமன் என்ற இருவர் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். ஆணும் பெண்ணும் சராசரியாக, விரும்பப்படுவதில் தங்களைவிட 25 சதவீதம் மேலே இருப்பவர்களுக்கே எழுதுகிறார்களாம். எல்லாரும் ஏணியில் மேலே பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தால் பதில் எங்கிருந்து வரும்? அதற்காகக் கையாட்டாதே என்று சொல்லவில்லை. பக்கத்துப் படியையும் ஒரு பார்வை பார்.

பெண் முதலில் பேச வேண்டும் என்று விதி வைத்த ஆப் இருக்கிறது. உண்மையிலேயே முதலில் கேட்கிறவருக்கு லாபமா?
ஒரு மாணவி, காட்பாடி

அருமையான கேள்வி, ஓய்வு பெற்றது வருத்தமாக இருக்கிறது. 1962இல் கேல், ஷேப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள், குலையாத ஜோடி சேர்ப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். சில பக்கம்தான். அதற்கு ஐம்பது வருஷம் கழித்து, 2012இல், ஷேப்லிக்கும் ஆல்வின் ராத் என்ற பொருளாதார அறிஞருக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. கேல் 2008லேயே போய்விட்டார்.

க, ச என்று இரண்டு பையன்கள். ம, ர என்று இரண்டு பெண்கள். க-வுக்கு ம மேல் ஆசை, ச-வுக்கு ர மேல். பெண்களுக்கு நேர்மாறு: ம-வுக்கு ச, ர-வுக்கு க. பையன்கள் போய்க் கேட்டால் க-ம, ச-ர என்று முடியும். பையன்கள் இருவருக்கும் முதல் விருப்பம், பெண்களுக்கு இரண்டாவது. பெண்கள் போய்க் கேட்டால் ம-ச, ர-க. இப்போது பெண்கள் பக்கம் சிரிப்பு. இரண்டு முடிவிலும் ஓடிப்போகிற ஜோடி கிடையாது, ஏனென்றால் ஓட நினைக்கிறவரோடு ஓட எதிராளி தயாரில்லை. ஜோடியும் ஆசையும் எத்தனை கூடினாலும் இது மாறாது: கேட்கிற பக்கத்துக்கே, குலையாத ஜோடிகளுக்குள் கிடைக்கக்கூடிய நல்லது கிடைக்கும். அப்படி நிரூபித்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போகும் டாக்டர்கள் மார்ச் மாதம் "மேட்ச், மேட்ச்" என்று நகத்தைக் கடிப்பார்களே, அந்த ஆஸ்பத்திரி ஒதுக்கீடு இந்த வழிவந்ததுதான். ஹிஞ்ச் என்ற ஆப்பும் 2018இல் தினம் ஒருவரைச் சிபாரிசு செய்வதற்கு கேல்-ஷேப்லியைப் பயன்படுத்துவதாகச் சொன்னது.

நீ கேட்ட ஆப் பம்பிள்தானே? அதில் ஒரு நுணுக்கம். இருவரும் ஒருவரையொருவர் வலப்பக்கம் தள்ளி, ஜோடி விழுந்த பிறகுதான் பெண் முதலில் பேச வேண்டும் என்பது விதி, 2024இல் அதையும் தளர்த்திவிட்டார்கள். கேல், ஷேப்லி சொன்ன "கேட்பது" அதற்கு முன்னால் நடக்கிற விஷயம். ஆக லாபம் அந்தத் தேற்றத்தால் வருவதில்லை. "ஹாய் டியர்" என்று நாற்பது மெசேஜ் வராமல் இருந்ததே, அந்த லாபம் உண்டு.

காசு கட்டினால் நல்ல வரன் வருமா?
சத்துவாச்சாரி

நீங்கள் நிறைய பேர் கண்ணில் படுவீர்கள். உங்களை விரும்பியவர்கள் யார் என்று காட்டுவார்கள். வரன் அதே வரன்தான். 1965இல் ஹார்வர்டு மாணவர்கள் ஆபரேஷன் மேட்ச் என்று கம்ப்யூட்டர் பொருத்தம் தொடங்கியபோதே 3 டாலர் வாங்கினார்கள். நைனா இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவார், ஆனால் தாலி ஏறிய பிறகு. ஆப்காரருக்கு நீங்கள் தேடிக்கொண்டே இருக்கிற மாதமெல்லாம் வருமானம். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனத்தில் வைத்துக்கொண்டு காசைக் கட்டுங்கள்.

உங்கள் கல்யாணத்தை உங்கள் நைனா எந்தக் கணக்கில் முடித்தார் டீச்சர்?
முன்னாள் மாணவி, தொரப்பாடி

வம்புக்கென்றே ஒரு ஆள் எல்லா வகுப்பிலும் இருக்கும். நீ எந்த பெஞ்ச் என்று எனக்குத் தெரியும்.

சொந்த மகளுக்கு நானே பார்க்க மாட்டேன், டாக்டர் தன் வீட்டில் கத்தி வைப்பானா என்று சொல்லி, ஆற்காட்டுத் தரகர் ஒருவரிடம் என் ஜாதகத்தைக் கொடுத்துவிட்டார். மூன்று மாதத்தில் அமைந்தது. ஒரே முயற்சியில் முடிந்த கல்யாணம் என்று நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நைனா போன பிறகு பழைய மஞ்சள் பையைக் கொட்டினோம். பச்சை அட்டை நோட்டில் ஒரு பக்கம், நான் எழுதாதது, கோழி கிளறிய எழுத்து. இடது பக்கம் என் நட்சத்திரம், பி.எஸ்ஸி. கணக்கு, நிறம் "மாநிறம், களையான முகம்". வலது பக்கம் பதினோரு கோடு. ஆற்காட்டுக்காரர் வந்து சொல்லச் சொல்ல, எனக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார்.

பன்னிரண்டாவது என் வீட்டுக்காரர். அங்கே வட்டம் இல்லை, புள்ளி. அவரிடம் காட்டிக் கேட்டேன். "யோசிக்கணும்னு எங்கம்மாதான் சொன்னாங்க, நான் சொல்லல" என்கிறார், முப்பத்தெட்டு வருஷம் கழித்து, டிவியைப் பார்த்துக்கொண்டே.